மல்லிகை எப்படி நடந்தது?

எழுத்தை நம்பிச் சோறு தின்ன ஏலுமா என்ற கேள்வி எங்கட பீடத்துக் கன்ரீனில் மாதத்துக்கு ஒருக்காவது வரும். வந்தவுடனே யாராவது ஒருவர் டொமினிக் ஜீவாவின் பெயரைச் சொல்லுவார். ‘தனி ஆளாய் நிண்டு மல்லிகையை நடத்தின மனுசன்’ என்பார்கள். எல்லாரும் தலையாட்டுவோம். அத்தோட கதை முடிஞ்சுபோகும்.

எனக்கு அந்தத் தலையாட்டலில் ஒரு குறை இருக்கிறது. ஜீவாவை ஒரு துறவி மாதிரி ஆக்கிவிட்டோம். 1966 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சஞ்சிகை, இடையிடையே நின்று, ஊர் மாறி, 400 இதழ்களைத் தாண்டி 2012 வரை வந்தது. இது வெறும் இலட்சியத்தால் நடந்திருக்காது. கடதாசிக்குக் காசு வேணும், அச்சுக்கூலி வேணும், முத்திரைக்குக் காசு வேணும். அது எங்கேயிருந்து வந்தது? நாங்கள் கேட்கவேண்டியது அதைத்தான். ஏனென்றால் சொந்தமாக எழுதி, சொந்தமாக வெளியிட்டு, ஒருவருக்கும் கைகட்டாமல் இருக்க விரும்புகிற எவருக்கும் இன்றைக்கும் அதே கேள்விதான் முன்னுக்கு நிற்கிறது.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். ஈழத்தில் தமிழ் அச்சு என்பது தொடக்கத்திலிருந்தே ஏதோவொரு பெரிய முதுகில் சாய்ந்துதான் நின்றது. 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகைக்குப் பின்னால் அமெரிக்க மிஷன் இருந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவியபோது அவருக்குப் பின்னால் சைவ உலகமும் அதன் கொடையாளர்களும் இருந்தார்கள். 1930இல் ஈழகேசரியைத் தொடங்கிய நா. பொன்னையா சுன்னாகத்தில் அச்சகம் வைத்திருந்தவர், பாடநூல்கள் பதிப்பித்தவர். வீரகேசரியும் தினகரனும் கொழும்பு நிறுவனங்களின் பத்திரிகைகள். எழுதுகிறவன் இவர்களில் ஒருவருடைய வாசலில் போய் நிற்கவேண்டும். ஆசிரியர் நல்லவராக இருந்தால் கதை வரும். க. கைலாசபதி தினகரனின் ஆசிரியராக இருந்த காலத்தில் முற்போக்கு எழுத்தாளர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. ஆனால் ஆசிரியர் மாறினால் நிலைமையும் மாறும். கதவு எழுத்தாளனுடையது இல்லையே.

இந்த இடத்தில்தான் சலூன் வருகிறது.

டொமினிக் ஜீவா 1927 ஜூன் 27இல் பிறந்தவர். இளவயதிலேயே பள்ளிக்கூடம் நின்றுபோனது. சாதியைச் சொல்லி அவமதிக்கப்பட்டதைத் தன் சுயசரிதையான ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ நூலில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு குடும்பத் தொழில். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன். தமிழகத்திலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட பற்றினால் ‘ஜீவா’ பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சலூனைப் பற்றிப் பேசும்போது பலபேர் அதைப் ‘பாவம், கஷ்டப்பட்டவர்’ என்ற தொனியில் பேசுகிறார்கள். நான் அதை வேறுமாதிரிப் பார்க்கிறேன். முதலாவது, அது தினமும் கைக்குக் காசு வருகிற தொழில். மாதச் சம்பளத்துக்காக ஒரு மேலதிகாரிக்குப் பயப்படத் தேவையில்லை. இடமாற்றம் இல்லை. எழுதியதற்காக வேலை போகாது. ஆசிரியராக, அரசாங்க எழுதுவினைஞராக இருந்துகொண்டு எழுதிய பலருக்கு இந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. இரண்டாவது, எங்கட ஊர்ச் சலூன் ஒரு அரைவாசி வாசிகசாலை. முறை வரும்வரை காத்திருக்கிறவன் பேப்பர் பார்ப்பான், அரசியல் கதைப்பான். தலைமயிர் வெட்டுகிறவர் ஒரு நாளைக்கு எத்தனை விதமான ஆட்களின் கதையைக் கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். சிறுகதை எழுதுகிற ஒருவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எது? அவரோடு சேர்த்துப் பேசப்படுகிற கே. டானியலும் கராஜ் வைத்துப் பிழைத்தவர்தான். கையில் ஒரு தொழில் இருந்ததால்தான் அவர்களால் இன்னொருத்தருக்குப் பிடித்த மாதிரி எழுதாமல் இருக்க முடிந்தது என்பது என்னுடைய எண்ணம்.

1960இல் அவருடைய முதலாவது சிறுகதைத் தொகுதியான ‘தண்ணீரும் கண்ணீரும்’ வெளிவந்தது. சாகித்திய மண்டலப் பரிசு அதற்குக் கிடைத்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த, பள்ளிப்படிப்பு முடிக்காத ஒரு தொழிலாளியின் புத்தகத்துக்கு அரச பரிசு. யாழ்ப்பாணத்துப் பண்டிதர் உலகத்துக்கு இது லேசில் செரிக்கிற விசயமாக இருக்கவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பேச்சுத்தமிழில், அதுவும் ஒடுக்கப்பட்டவர்களின் பேச்சுத்தமிழில் எழுதுவதை ‘இழிசனர் வழக்கு’ என்று ஒருபக்கம் தள்ளியது. இலக்கணத்தைப் பற்றிய சண்டை மாதிரித் தெரிந்தாலும், யார் எழுதலாம் என்பதுதான் உள்ளே இருந்த சண்டை.

இந்தச் சூழலில் பரிசு வாங்கிய ஒருவர் என்ன செய்வார்? அடுத்த புத்தகம் எழுதுவார். ஜீவா சஞ்சிகை தொடங்கினார். எனக்கு இந்த முடிவுதான் அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய விசயமாகத் தெரிகிறது. பரிசு ஒருவருடைய தோளில் சால்வை போடும், ஆனால் அடுத்த கதையை யார் அச்சடிப்பது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. அவருடைய கதைகளுக்கு இடம் கொடுத்த தமிழகத்துச் ‘சரஸ்வதி’, விஜயபாஸ்கரன் நடத்தியது, 1962இல் நின்றுவிட்டது. சிற்பி சரவணபவன் 1958இலிருந்து நடத்திய ‘கலைச்செல்வி’ 1966இல் நின்றது. அதே ஆண்டு மல்லிகை. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒக்ரோபர் 21இல், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்க நான் விரும்பவில்லை. ஊர்வலத்தை நடத்தியவர்கள் சண்முகதாசனின் பீக்கிங் சார்புக் கட்சியினர், ஜீவா மொஸ்கோ சார்பு. டானியலும் அவரும் அந்தப் பிளவில் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். ஆனால் கோவில் வாசலும் தேநீர்க்கடையும் சிலருக்குப் பூட்டியிருந்த ஊரில், அதே சிலரில் ஒருவர் ஒரு சஞ்சிகையின் ஆசிரியர் கதிரையில் இருந்து, யாருடைய கட்டுரை வரவேணும் என்று தீர்மானித்தார். அந்தக் காட்சியின் பாரத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சரி, காசு.

அந்தக் காலத்துக் கடைகளில் தென்னிந்தியச் சஞ்சிகைகள் குவிந்து கிடந்தன. கல்கி, விகடன், குமுதம் எல்லாம் பெரிய எண்ணிக்கையில் அச்சாகி மலிவாக வந்திறங்கும். அதுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய யாழ்ப்பாணச் சஞ்சிகையைத் தொங்கவிட்டால் எவர் பார்ப்பார்? கடைக்காரருக்கும் தரகுப் பணம் போய்விடும், விற்காதவை திரும்பி வரும், விற்றதற்குக் காசு வர மாதக்கணக்கு. ஜீவா இந்தப் பாதையில் தன் முழு நம்பிக்கையையும் வைக்கவில்லை. வெள்ளை வேட்டியும் நஷனலுமாகப் பையில் இதழ்களைப் போட்டுக்கொண்டு நடந்தார். வீதி வீதியாக, கூட்டம் நடக்கிற இடங்களிலும் விழா நடக்கிற இடங்களிலும் நேரே நீட்டி விற்றார். இதைப் பகிடி பண்ணியவர்களும் இருந்தார்கள். ஆசிரியர் என்றால் மேசைக்குப் பின்னால் இருக்கவேணும் என்று நினைக்கிறவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. சலூனில் வாடிக்கையாளரோடு பழகிய மனுசனுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை.

நேரே விற்பதில் காசைவிடப் பெறுமதியான ஒன்று கிடைக்கிறது. யார் வாசிக்கிறார்கள் என்று தெரியவருகிறது. பெயர் தெரியும், முகம் தெரியும், சந்தா முடியப்போகிற மாதமும் தெரியும். போன இதழில் எது பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே ஏச்சும் கிடைக்கும். ‘தூண்டில்’ என்ற கேள்வி பதில் பகுதி அந்த உறவின் அச்சு வடிவம் என்றுகூடச் சொல்லலாம். வாசகர் கேட்பார், ஜீவா தன் பாணியில் வெட்டொன்று துண்டிரண்டாகப் பதில் சொல்லுவார்.

அட்டைப்படமும் அப்படித்தான். சரஸ்வதியில் பார்த்த வழக்கத்தைத் தொடர்ந்து மல்லிகையின் அட்டையில் எழுத்தாளர்களினதும் கலைஞர்களினதும் படம் வந்தது. உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரை. சினிமா நட்சத்திரத்தின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் உங்கள் ஊர் வாத்தியாரின் முகம் இருந்தால், அந்த ஊரில் அந்த இதழ் விற்குமா விற்காதா? இலக்கியக் காரணமும் வியாபாரக் காரணமும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன, அதில் ஒரு பிழையும் இல்லை. பிற்காலத்தில் அந்த அட்டைப்படக் கட்டுரைகள் ‘அட்டைப்பட ஓவியங்கள்’, ‘மல்லிகை முகங்கள்’ என்று நூல்களாகவும் வந்தன. ஒரு முறை எழுதியது இரண்டு முறை உழைத்தது. அவற்றை வெளியிட்டது அவருடைய சொந்தப் பதிப்பகமான மல்லிகைப் பந்தல்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே போனதும் முக்கியம். திக்குவல்லை, நீர்கொழும்பு, மலையகம் என்று இடங்களுக்குச் சிறப்பிதழ் போட்டார். நீர்கொழும்பைச் சேர்ந்த லெ. முருகபூபதியின் முதல் சிறுகதை 1972இல் மல்லிகையில்தான் வந்தது. திக்குவல்லை கமால் போன்ற தென்னிலங்கை முஸ்லிம் எழுத்தாளர்களுக்கும் அது ஒரு மேடை. சிங்களக் கதைகளின் மொழிபெயர்ப்புகளும் வந்தன. புதிய எழுத்தாளர் ஒருவர் வந்தால் அவரோடு ஒரு ஊரே வாசகராக வருகிறது. இப்போது நாங்கள் இதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்துக் கருத்தரங்கு நடத்துகிறோம்.

எழுபதுகளில் சிறிமாவோ அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தது. ஈழத்துப் பதிப்புக்கு அது ஒரு நல்ல காலம். வீரகேசரி பிரசுரங்களாக நாவல்கள் வரிசையாக வந்தது அப்போதுதான். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட, பழைய வெள்ளம் திரும்பியது. பாதுகாப்பில் வளர்ந்த பல முயற்சிகள் அதில் தளர்ந்தன. மல்லிகை தப்பியதற்கு அந்தப் பையும் அந்த நடையும்தான் காரணம் என்று நினைக்கிறேன். கடைத் தட்டில் இடம் போனால் பாதிக்கப்படுகிற அளவுக்கு அது கடைத் தட்டை நம்பியிருக்கவில்லை.

பிறகு யுத்தம். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அச்சுத்தாள் கிடைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற கொப்பித்தாளில் மல்லிகை அச்சாகி வந்தது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை தள்ளிப்போனபோது எனக்கு இந்தக் கொப்பித்தாள் இதழ்கள்தான் ஞாபகம் வந்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி இடப்பெயர்வுகளுக்குப் பிறகு மல்லிகை கொழும்புக்கு வந்து, ஸ்ரீ கதிரேசன் வீதியில் மறுபடி தொடங்கியது. ஊரும் வாசகரும் அச்சகமும் போன நிலையில், அறுபது வயதையும் தாண்டிய ஒருவர் முதலில் இருந்து தொடங்குகிறார்.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் நானும் துறவிக் கதையைத்தான் சொல்லுகிறேன் போலத் தோன்றலாம். அப்படியில்லை. மல்லிகைக்கு அரசியல் சார்பு இருந்தது. மொஸ்கோ பக்கச் சாய்வை அது மறைத்ததும் இல்லை. 1975இல் தொடங்கிய ‘அலை’ வட்டத்தினர் முற்போக்கு அணியின் இலக்கியப் பார்வையோடு கடுமையாக முரண்பட்டார்கள், அவர்களின் விமர்சனத்தில் நியாயமும் இருந்தது. நாற்பத்தாறு வருச இதழ்களையும் எடுத்துப் பார்த்தால் சாதாரணமான கதைகளும் சம்பிரதாயமான பாராட்டுகளும் தாராளமாக இருக்கும். மாதாமாதம் பக்கம் நிரப்பவேண்டிய சஞ்சிகையின் விதி அது. ‘தனிமனித சாதனை’ என்ற சொல்லோடும் எனக்கு உடன்பாடில்லை. அச்சுக்கோத்தவர்களின் விரல்கள், சன்மானம் எதிர்பாராமல் எழுதியவர்களின் இரவுகள், வீட்டை இழுத்துப் பிடித்த பெண்களின் உழைப்பு, இவை எல்லாம் அந்தக் கணக்கில் வராத வரவுகள். சிறுசஞ்சிகை வரலாறு எழுதுகிறவர்கள் ஆசிரியரின் பெயரோடு நின்றுவிடுவது ஒரு பழக்கமாகவே போய்விட்டது.

இன்னொன்று. கொழும்புக் கால இதழ்களின் சந்தா அறிவித்தலைப் பாருங்கள். நூலகம் இணையத்தளத்தில் பழைய இதழ்கள் நிறைய உண்டு. காசுக்கட்டளை அனுப்புகிறவர்கள் டொமினிக் ஜீவாவின் பெயருக்கே, கொட்டாஞ்சேனைத் தபாலகத்தில் மாற்றத்தக்கதாக அனுப்பவேண்டும். ஒரு நிறுவனத்தின் பெயருக்கோ பொருளாளர் பெயருக்கோ இல்லை. வாசகர்கள் நம்பியது அந்த மனிதரை. அதனால்தான் காசு வந்தது. அதனால்தான் அவருடைய உடம்பு தளர்ந்தபோது சஞ்சிகையும் நின்றது. 2021 ஜனவரி 28இல், 93 வயதில் கொழும்பில் அவர் காலமானபோது மல்லிகை நின்று எட்டு வருசத்துக்கு மேல்.

இதை இன்றைய நிலைமையோடு வைத்துப் பார்க்கலாம். இப்போது எங்கட இடங்களில் புத்தகம் போடுகிற வழக்கமான முறை உங்களுக்குத் தெரியும். எழுதியவரே சேமிப்பிலிருந்தோ நகையை அடகு வைத்தோ 300, 500 பிரதி அடிப்பார். மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா. மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, நயவுரை. முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் வாங்குவார். மற்றவர்கள் வரிசையில் வந்து என்வலப்பைக் கொடுத்துச் சிறப்புப் பிரதி வாங்குவார்கள். அன்றைக்கே அச்சுக்கூலியில் ஒரு பங்கு வந்துவிடும். மிச்சப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே. தேசிய நூலகச் சபை அல்லது மாகாணத் திணைக்களம் கொஞ்சம் வாங்கினால் அதிர்ஷ்டம்.

இந்த முறையை நான் கேலி செய்யவில்லை. கலியாண வீட்டு மொய் மாதிரி, இல்லாதவன் ஒருவனின் புத்தகத்தை ஊரே சேர்ந்து தூக்கிவிடுகிற ஏற்பாடு அது. ஆனால் என்வலப் கொடுப்பவர் எழுத்தாளருக்காகக் கொடுக்கிறார், புத்தகத்துக்காக இல்லை. இரண்டாவது புத்தகத்துக்கும் அதே ஆட்களைத்தான் கூப்பிடவேணும். மேடையில் இருக்கிறவரைப் பற்றி மூன்றாவது புத்தகத்தில் கடுமையாக எழுத ஏலாது. விழாவுக்கு வந்த இருநூறு பேரில் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று எழுத்தாளருக்குத் தெரியவே வராது. மல்லிகையின் சந்தாக்காரர் அப்படியில்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருசம் காசுக்கட்டளை வராது. ஆசிரியருக்கு அது உடனே விளங்கும்.

எங்கட வயதில் பலர் இப்போது முகநூலில் எழுதிப் பெயர் எடுத்திருக்கிறார்கள். விருப்பக்குறி ஐந்நூறு விழும். அந்த ஐந்நூறு பேரின் முகவரி எழுதுகிறவரிடம் இல்லை, கம்பனியிடம் இருக்கிறது. கணக்கு முடக்கப்பட்டால் வாசகர்களும் போச்சு. ஜீவாவின் கொப்பியில் இருந்த சந்தாப் பட்டியல் அவருடைய சொந்தச் சொத்து. இடம்பெயர்ந்து வந்த பிறகு கொழும்பில் மறுபடி தொடங்க அவரிடம் மிஞ்சியிருந்த முதல் என்று பார்த்தால், அவரைத் தெரிந்த வாசகர்களும் எழுத்தாளர்களும்தான்.

மல்லிகைக்குப் பிறகும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். தி. ஞானசேகரன் 2000இல் ‘ஞானம்’ தொடங்கினார். க. பரணீதரன் 2007இல் அல்வாயிலிருந்து ‘ஜீவநதி’யைத் தொடங்கினார். இந்தச் சஞ்சிகைகளுக்கு எங்கட பீடத்தில் எத்தனை பேர் சந்தா கட்டியிருக்கிறோம் என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். ஒருவருமில்லை. கவிதை அனுப்பியவர்கள் மட்டும் ஏழு பேர் இருந்தார்கள்.